திறந்த பெட்டி

இந்த மாதம் முதல் பை கிடையாது.
மூன்று பச்சைப் பெட்டிகள், ஒரு தள்ளுவண்டி, நான்.
ஸ்வான்சியில் மழைக்கு மட்டும்
எந்த மாற்றமும் இல்லை,
எப்போதும்போல் வாசல்வரை வந்து
இறக்கிவிட்டுப் போகிறது.

முதல் வீட்டில் கிளெனிஸ் அம்மாள்.
"அப்படியே கையிலயா குடுப்பீங்க?"
தக்காளி டின்களை ஒவ்வொன்றாய் வாங்கி
மாடிப்படியில் அடுக்கினார்,
படிக்கு இரண்டு வீதம்.
எனக்கு அனுமதித்த நான்கு நிமிடம்
பதினொன்று ஆனது.
பிறகு பாத்திரத் தொட்டிக்கு அடியில்
பைக்குள் பை, அதற்குள் பை என்று
வயிறு உப்பிக் கிடந்த ஒன்றைத் திறந்து காட்டி
"பாவம், இதுக்கு இனிமே தீனி இல்லை" என்றார்.

அடுத்த தெருவில் ஒருவர் என் கையைக் குலுக்கினார்.
கடலாமைகள் சார்பாக நன்றியாம்.
எனக்கு ஆமைகளோடு பழக்கமில்லை,
ஏற்றியதை இறக்குகிறவன்.
அவர் வாங்கிய வெள்ளரிக்காய்கள் ஆறும்
ஆளுக்கொரு நெகிழிச் சட்டை போட்டிருந்தன.
அதைப் பற்றி
அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஹோதான் வீட்டில் பேச்சுக்கே இடமில்லை.
துணிக்கூடையைக் கவிழ்த்துக் காலிசெய்து நீட்டினாள்.
தீயணைப்பு வாளிபோல் அரிசியும் பாலும்
நான்கு குழந்தைகள் கைமாறிப் போயின.
கடைக்குட்டிக்கு வந்த முட்டைதான்
வந்த இடத்திலேயே நின்றுவிட்டது,
ஓட்டின்றி.

மேட்டுத் தெருவில் ஹவெல்.
இரண்டு மணிக்கட்டிலும் பட்டை.
"பூமியைக் காப்பாத்துங்க, சரி.
என் விரலை யாரு காப்பாத்துறது?"
பைக்குக் காது இருந்தது,
முழங்கையில் மாட்டிக்கொண்டு நடக்கலாம்.
உருளைக்கிழங்குக்கு ஏது காது.
விதிப்படி நான் வாசலைத் தாண்டக் கூடாது.
தாண்டினேன்.
பாலைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுத் திரும்பினால்
சரிவில் நின்ற வண்டியிலிருந்து
அவருடைய ஆரஞ்சுகள் குதித்து
கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தன.
ஒன்றைத் தபால்காரர் காலால் நிறுத்தினார்.
மற்றவற்றை 'சேதம்' என்று குறித்துக்கொண்டேன்,
அவற்றுக்கு ஒரு சேதமும் ஆனதாகத் தெரியவில்லை.

கடைசியாக நாற்பத்திரண்டு பி.
ரசீதில் பெயர் டெலித்.
கதவு ஒரு சாண் திறந்தது.
பை இருக்கா?
இல்லை.
காசு தர்றேன்.
இல்லைங்க.
பழசு? கிழிஞ்சது?
கேட்டது என்னை, பார்த்தது எதிர்வீட்டு ஜன்னலை.
அங்கே திரை லேசாக அசைந்து நின்றது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில்கூட
மறைத்துப் பார்க்கலாம்,
மூடியில்லாத பெட்டியில் எதை மறைப்பது.
அப்போதுதான் நான் குனிந்து பார்த்தேன்,
பார்த்திருக்கக் கூடாது.

உள்ளே என்ன இருந்தது என்று சொல்லமாட்டேன்.
என்னிடம் மிச்சமிருந்த பை
அது ஒன்றுதான்.

கம்பெனி மழைச்சட்டையைக் கழற்றி
பெட்டிமேல் விரித்தேன்.
முதுகில் பெரிய எழுத்தில் கடையின் பெயர்
வானத்தைப் பார்த்துக் கிடந்தது.
அவள் அப்படியே அணைத்துத் தூக்கிக்கொண்டு
தோளால் கதவைச் சாத்தினாள்.
நன்றி சொன்னாளா என்று கேட்டால்,
மழைச் சத்தம்.

மாலையில் கைப்பேசி கேட்டது:
பையில்லா விநியோகம், வாடிக்கையாளர் மனநிலை எப்படி?
மூன்று முகங்கள். சிரிப்பு, கோடு, கோபம்.
கிளெனிஸுக்குச் சிரிப்பைத் தொட்டு
பிறகு கோட்டுக்கு மாற்றினேன்.
ஆமைக்காரருக்குச் சிரிப்பு.
ஹவெலுக்குக் கோபத்தைத் தொட்டேன்,
அது என்னுடையதாகவும் இருக்கலாம்.
நாற்பத்திரண்டு பி வரும்போது
திரை நனைந்திருந்தது,
விரல் வழுக்கி எதிலும் பதியவில்லை.

மழைச்சட்டை அவளிடமே இருக்கிறது.
அடுத்த செவ்வாய், அதே நேரம்,
பதிவாகியிருக்கிறது,
பார்த்துவிட்டேன்.